அவள் சொன்ன ‘ஆக’

தேனிப் பக்கம் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். விடுதியில் என் அறைத்தோழி செல்வி, பண்ணைப்புரத்து ஜூனியர். ‘சார் வந்தாக, மேடம் சொன்னாக’ என்று அவள் பேசுவதைச் சென்னைத் திமிரோடு மெஸ்ஸில் நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும்தான்.

ஒருநாள் எனக்குக் கடும் காய்ச்சல். கதவுக்கு வெளியே செல்வி மெஸ்காரரிடம் போனில் கெஞ்சினாள்: “அண்ணே, எங்க அக்கா காய்ச்சலாப் படுத்திருக்காக. கொஞ்சம் கஞ்சி வச்சுக் குடுங்க.”

அந்த ‘ஆக’ மரியாதைச் சொல் என்பது எனக்குத் தெரியும். அதை எனக்கும், என் முதுகுக்குப் பின்னாலும் தருவாள் என்பதுதான் தெரியாது. போர்வைக்குள் அழுதேன்.

மாலையில் அம்மா போனில், “கஞ்சி யாருடி கொடுத்தா?” என்றாள்.

“செல்விதான் கொண்டு வந்தாக.”

“மறுபடி நடிக்கிறீகளாக்கா?” என்று பக்கத்தில் இருந்த செல்வி சிரித்தாள்.

நான் நடிக்கவில்லை.