பஞ்சரில் நின்ற கோடிச் சேலை

என் தங்கை புனலூரில் விடிகாலையில் இறந்துபோனாள். அப்பா, அம்மா இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு நான் ஒருத்தன்தான். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். தென்காசியில் கடை திறக்கும்வரை வாசலில் நின்று, அவளுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தேன். "ராகுகாலத்துக்கு முன்னால எடுத்துரணும் மச்சான், சீக்கிரம் வாங்க" என்று அவள் புருஷன் போனில் சொல்லியிருந்தார்.

நானும் மனைவியும் காரில் கிளம்பினோம். புளியறையை எட்டச் சற்றுத் தூரம் இருக்கையில் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னியை எடுத்து அமுக்கினால் அதிலும் காற்றில்லை. நல்ல நேரம்டா சாமி! கை காட்டியும் பஸ் நிற்கவில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும் வேன்கள், ஜன்னலில் ஈரத்துண்டு பறக்க, நிறைந்து வழிந்து போயின. மிச்சமிருந்தது டிக்கியில் கிடந்த பஞ்சர் கிட் மட்டும்தான்.

ஆணியைக் குறட்டால் பிடுங்கினேன். முறுக்கு ஊசியை விட்டு ஓட்டையை ராவினேன். இன்னொரு ஊசியின் காதில் ரப்பர் திரியைக் கோத்து, பசை தடவி, உள்ளே குத்தி இழுத்தால் திரியும் கூடவே வந்துவிட்டது. சாரல் வேறு, கை வழுக்கியது.

"ஏங்க, மெதுவா இழுங்க" என்றாள் மனைவி. சேலைப் பையை நனையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"வெடுக்குன்னுல்லா இழுக்கணும்! சும்மா இரிட்டி!"

பாவம், அவளிடம் ஏன் கத்தினேனோ. அவசரத்தில் அண்டாவுக்குள்ளகூடக் கை போகாது என்பார்கள். எனக்கு ஒரு ஆணி ஓட்டைக்குள் திரி போகவில்லை. ரோட்டோரம் முட்டிபோட்டு அழுதேன்.

இரண்டாவது திரி போனது, ஆனால் கிட்டிலிருந்த பம்பால் காற்றடித்ததும் பக்கத்தில் கசிந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, இருந்த கடைசித் திரிகள் இரண்டையும் சேர்த்துக் குத்தினேன். மறுபடி பம்பை மாட்டியதும் டயர் மெல்ல எழுந்தது. பம்பை மாட்டியதும் டயர் மெல்ல எழுந்தது. அப்போதுதான் போன் வந்தது.

"மச்சான், எவ்வளவு நேரந்தான் நிக்க? எங்க வீட்டுச் சேலையவே போத்தித் தூக்கிட்டோம். மனசுல வச்சுக்கிடாதீய."

என்னை நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தேவலை.

"இத என்ன செய்ய?" என்று மனைவி பையைக் காட்டினாள். கோடிக்கென்று எடுத்ததை வீட்டில் எவளும் கட்டமாட்டாள். அண்ணன் ஒருத்தன் உயிரோடு இருக்க, நாதியற்றவளைப் போல என் தங்கை போய்விட்டாள்.