வத்தல் மூட்டை மேல் வந்த ஸ்கூட்டர்

சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் வடிவமைப்பது என் வேலை. திருத்தங்கல் வீட்டிலிருந்து போய்வருவதற்காக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினோம். ஓட்டுவது நான். அதற்கு வேண்டியதை வாங்கிப் போடும் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

முதலில் சீட்டுக்கு உறை வந்தது. அப்புறம் கால் வைக்க ரப்பர் மேட், மழைக்கு ஒரு போர்வை, வெயிலுக்கு ஒரு போர்வை. ஹேண்டில் நடுவில் செல்போன் மாட்டும் ஹோல்டர். டிஸ்பிளே வெளுத்துவிடக் கூடாதென்று அதன்மேல் கறுப்பு ஃபிலிம். சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியில் ஃபியூஸ், பல்பு, பிரேக் ஷூ, பிரேக் லீவர், ஸ்பேனர், திருப்புளி, உபரியாக ஒரு சைடு மிரர். என் சாப்பாட்டுப் பையை வைக்க இடமில்லை.

"ஏங்க, இம்புட்டும் எதுக்கு?" என்று கேட்டால், "வழியில நின்னா நீ யாருட்ட போய்க் கேப்ப?" என்பார். வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

விருதுநகரில் இருக்கும் என் நாத்தனாரின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். இவர்தான் தாய்மாமன். குழந்தையை இவர் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். விசேஷத்துக்குப் போகிற வண்டி அம்சமாக இருக்க வேண்டாமா? முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து, வண்டி சாய்ந்தாலும் அடிபடாதிருக்கப் பக்கவாட்டில் பளபளவென்று இரும்பு கிராஷ் கார்டு பொருத்தினார். சைடு ஸ்டாண்டு மண்ணில் புதையாதிருக்க அதன் அடியில் அகலமாக ஒரு தகடும் மாட்டினார்.

காலையில் பட்டு வேட்டி, புது வெள்ளைச் சட்டையோடு அவரே ஓட்டினார். நான் சீர்த்தட்டை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தேன். பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீ குடித்துவிட்டு ஏறி முறுக்கினால் வண்டி நகரவில்லை. ஹாரன் அடித்தது, லைட் எரிந்தது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை.

அவர் முகத்தில் பதற்றம் தெரியவில்லை. ஒரு களை வந்தது. வேப்பமரத்தடியில் துண்டை விரித்து, பெட்டியில் இருந்த சாமான்களையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தார். ஃபியூஸை மாற்றினார். நகரவில்லை. பிரேக் லீவரைக் கழற்றி மாட்டினார். அப்போதும் நகரவில்லை. அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நிறுத்தித் துண்டை எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்த மிரர் என்ன விலை?"

"இது கடை இல்லங்க."

"பெறகு எதுக்குப் பரப்பி வச்சிருக்கீக?"

நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் நாத்தனார் போனில் வந்துவிட்டார். "தம்பி, எங்கனப்பா இருக்க? ஆசாரி வந்து உக்காந்திருக்காரு. மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துறது?"

"இந்தா, வந்துட்டோம்க்கா," என்றார் இவர், கையில் திருப்புளியோடு.

மிளகாய் வத்தல் ஏற்றிக்கொண்டு விருதுநகர் போகும் லோடு வேன் ஒன்று டீக்கு நின்றது. டிரைவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "அதுக்கென்ன, தூக்கி மேல போடுவோம். மூடை மெத்துன்னு இருக்கும், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் கைகொடுத்தார்கள். நான் சீர்த்தட்டோடு டிரைவர் பக்கத்தில் ஏறினேன். இவர் பின்னால் மூட்டைகளின் மேல், ஸ்கூட்டரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து வந்தார்.

மண்டப வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். மாமன் இறங்கியபோது வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் சிவந்திருந்தது. "ஏலே, மாமன் லோடோட வந்திருக்காருலே," என்று யாரோ சொன்னார்கள். சட்டையை மாற்ற நேரமில்லை. குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனதும் குழந்தை தும்மியது. ஆசாரி பொறுத்தார். மறுபடி தும்மியது. பிறகு மாமன் தும்மினார், ஆசாரியும் தும்மினார். கடைசியில் இவருக்கு என் நாத்தனார் கணவரின் சட்டையைப் போட்டுவிட்டு, முகம் கழுவச் செய்து, ஈரத்துண்டால் குழந்தையையும் துடைத்த பிறகுதான் காரியம் நடந்தது. குத்தும்போது குழந்தை ஒரு சத்தம்கூடப் போடவில்லை. தும்மிக் களைத்திருந்தது.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், நாத்தனார் கணவர் எங்கள் ஸ்கூட்டரில் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நல்லாத்தானே ஓடுது மாப்ள," என்றார்.

"ரெஸ்ட் கேட்டிருக்கு," என்றார் இவர்.

எனக்கு மனசு ஆறவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். வேனிலிருந்து இறக்கும்போது இடித்திருக்க வேண்டும், கிராஷ் கார்டு லூசாகி வெளிப்பக்கமாக விலகியிருந்தது. அதைக் கையால் பழைய இடத்துக்கு அமுக்கிக்கொண்டு ஸ்டாண்டை மடக்கினேன். அடியில் மாட்டிய தகடு கார்டில் தட்டி, ஸ்டாண்டு முழுசாக மேலே போகாமல் நின்றது. ஸ்டாண்டு கீழே இருந்தால் இந்த வண்டி நகராது. வீட்டில் எப்போதும் நடு ஸ்டாண்டுதான் போடுவோம் என்பதால் டீக்கடையில் சைடு ஸ்டாண்டு போட்டபோதுதான் முதன்முதலாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. டிஸ்பிளேயில் அதற்கென்று ஒரு மஞ்சள் அடையாளம் எரியும். ஃபிலிமும் செல்போனும் மறைத்ததில் அது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்டாண்டை மடக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"கார்டு கொஞ்சம் பெரிய சைஸா வந்துருச்சு," என்றார்.

"ஆமா, கடைக்காரர் தப்பு," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். உட்கார்ந்து கார்டையும் தகட்டையும் கழற்றினார். அந்த ஸ்பேனர் வாங்கியதற்குப் பலன் கிடைத்தது அன்றைக்குத்தான். ஃபிலிமை நான் நகத்தால் உரித்தேன், அவர் தடுக்கவில்லை.

வண்டியை அங்கேயே கொஞ்ச நேரம் சார்ஜில் போட்டுவிட்டுச் சாயங்காலம் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவர் கார்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தார். கடைத்தெருவைத் தாண்டும்போது தோளைத் தொட்டு, "இந்தா, அங்கன ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கு. சின்ன சைஸ் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்," என்றார்.

ஹெல்மெட் போட்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.