அம்மா வைத்த நேர்த்தி

நான் சாகவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த வாரம் கண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் வந்தார்கள். பன்வில அத்தை படியேறும்போதே மூக்கைச் சிந்தினார். கதிரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என்னைக் கண்டும் அழுகையை நிறுத்தவில்லை. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இந்த வேல?" என்று என்னிடமே கேட்டார்.

நடந்தது இவ்வளவுதான். கொழும்புப் பக்கம் ஒரு பள்ளியில் சிறிய விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் இல்லாமல் தனியாக ஓட்டிய அன்று, இறங்கும்போது சக்கரம் ஓடுபாதையில் பட்டு விமானம் எகிறியது. எகிறினால் வேகத்தைக் கூட்டி மறுபடி மேலே போய்விட வேண்டும். நான் பதற்றத்தில் விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கிவிட்டேன். முன்சக்கரம் முறிந்தது, காற்றாடி தரையில் அடித்து வளைந்தது. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம். கதவைத் திறந்து நானே நடந்து வந்தேன். ஆசிரியர் திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு, வீக்கம் வற்றியதும் வந்துவிடு, தள்ளிப்போட்டால் பயம் மனதில் உட்கார்ந்துவிடும், அப்புறம் ஓட்டவே மாட்டாய் என்றார்.

வீட்டுக்கு வந்தால், அம்மா எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தார். கொழும்பிலிருந்து போன் வந்ததுமே டவுன் பிள்ளையார் கோயிலுக்கு ஓடி, "எம் புள்ள உசுரோட வந்தா இனி அவ பிளேன்ல ஏற மாட்டா" என்று நேர்ந்துவிட்டாராம்! அப்பாவிடம் போனேன். அவர் துணிக்கடையில் சேலையை மடித்தபடியே, "சாமி காரியத்துல நான் என்னம்மா சொல்றது" என்று கழன்றுகொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் தெல்தோட்டை ரோட்டு வளைவில் மோட்டார் பைக்கோடு விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டபோதும் இதே அம்மா இதே பிள்ளையாரிடம்தான் ஓடினார். அவனுக்கு நேர்ந்தது தேங்காய். சிதறுகாய் உடைத்து, பைக்கைத் திருத்தி, அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்து, சாவியை அவன் கையிலேயே கொடுத்தார்கள். இனி அவன் பைக்கில் ஏற மாட்டான் என்று எந்தச் சாமிக்கும் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நேர்த்தியை நானும் என் வாயால் சொல்ல வேண்டுமாம். சந்நிதியில் நல்ல கூட்டம். நான் சத்தமாகவே கேட்டேன்: "அண்ணனுக்குத் தேங்காய நேந்தீங்க. எனக்கு மட்டும் என்னையே நேந்திருக்கீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"வாய மூடுடி, சாமி குத்தம். அவன் ஆம்பளப் புள்ள" என்றார் அம்மா.

"அதுனால அவன் விழுந்தா வலிக்காதா?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொன்ன வாக்க மீறிப்போயி நீ திரும்ப விழுந்தா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இவருகிட்ட வந்து கேப்பேன்?"

"நீங்க கேக்கவே வேணாம்மா. ஓட்டுறவ நான். நான் பாத்துக்கிறேன். வீக்கமும் வத்திருச்சு, இன்னைக்கே போறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்து செருப்பை மாட்டினேன். பின்னால் அம்மா பிள்ளையாரிடம் பேரம் பேசுவது கேட்டது. "அவ கேக்க மாட்டேங்குறா சாமி. அவளுக்குப் பதிலா நான் ஏதாச்சும் செஞ்சிர்றேன்."

அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.