இருபது கம்ப்யூட்டர் உண்டு

ஆவுடைநாயகம் பிள்ளை இருபத்து மூன்று வருஷமாக எந்தப் படிவத்திலும் 'இல்லை' என்று எழுதியதே கிடையாது. இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். முதலில் கேட்கிறவர்களுக்கும் அது பெருமையாகத்தான் இருக்கும்.

சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் அந்தக் கல்லூரி வரும். பெயர் வேண்டாம், நாலு பிள்ளைகள் படிக்கிற இடம். அங்கே தட்டச்சராகச் சேர்ந்து அலுவலகச் சூப்பிரண்டாக உயர்ந்தவர் அவர். சேர்ந்த புதிதில், எழுபத்து நாலில், பல்கலைக்கழகத்திலிருந்து அங்கீகாரப் படிவம் வந்தது. வேதியியல் தராசு எத்தனை என்று கேட்டிருந்தான். மனுஷன் போய்ப் பார்த்தார், ஒன்றுகூட இல்லை. 'இல்லை' என்று உள்ளதை எழுதிவிட்டார். அவ்வளவுதான், அந்த வருஷம் வேதியியல் வகுப்புக்கு அனுமதி கிடையாது என்று பதில் வந்தது. சேர்ந்திருந்த இருபத்தேழு பேரும் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பையனுடைய தகப்பனார், வயலிலிருந்து அப்படியே வந்தவர், சேற்றுக் காலோடு வாசலில் நின்று கேட்டார்: "ஒரு தராசு இல்லன்னா எம் மவன் படிப்பு போயிருமாய்யா?"

பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உண்மை எழுதிய கையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போனார்.

அதற்குப் பிறகு எல்லாமே 'உண்டு'தான். ஆய்வுக் குழு வருகிற அன்று காலையில் அக்கம்பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து சாமான்கள் வண்டியில் வந்து இறங்கும். குழு வரும், பார்க்கும், இலை போட்டுச் சாப்பிடும், கையெழுத்துப் போடும். சாயங்காலம் வண்டி திரும்பிப் போகும். ஒரே மைக்ராஸ்கோப் ஆற்றோரத்தில் நாலு கல்லூரிக்கு அங்கீகாரம் வாங்கித் தந்த கதையும் உண்டு. குழுவுக்கும் தெரியும், கல்லூரிக்கும் தெரியும். ஊரறிந்த ரகசியத்தில் யார் யாரைக் குற்றம் சொல்ல? இதில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள் என்பதும் பொய்யில்லை.

தொண்ணூற்று ஆறில் கணித வகுப்பு மூன்றாம் வருஷத்துக்குக் கம்ப்யூட்டர் பாடம் வந்தது. ஜங்ஷனில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து இருபது கம்ப்யூட்டர்கள் ஒரு நாளைக்கு வந்தன. படிவத்தில் டிஷ்ஷும் கேட்டிருந்ததால், கேபிள் டி.வி. சிவசைலம் தன் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் வைத்தான். அன்றைக்கு டவுனில் நாலு தெருவில் படம் தெரியவில்லை, ஆனால் அங்கீகாரம் கிடைத்தது. மறுநாள் அந்த அறையில் இருந்தது இருபது மேஜை மட்டும்.

அந்தப் பாடத்தை நடத்தியவர் பிருந்தா என்ற கணித ஆசிரியை. அந்த அம்மாளும் என்னதான் செய்வாள்? கரும்பலகையில் கம்ப்யூட்டரை வரைந்தாள். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கீபோர்டை அச்சு அசலாக வரையச் சொல்லி, பிள்ளைகளை அதில் தட்டிப் பழக வைத்தாள். பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியைக் கெஞ்சி, அங்கே கூட்டிக்கொண்டு போய் நிஜக் கம்ப்யூட்டரைத் தொட வைத்தாள். முதல் செட் அப்படித்தான் தப்பித்தது.

இரண்டாவது செட்டில் முப்பத்தெட்டு பேர். அதில் ஒருத்தி விஜயஸ்ரீ, பிள்ளையின் ஒரே மகள். வீட்டில் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு தட்டுவாள். பிள்ளை பழைய தட்டச்சர் அல்லவா, பக்கத்தில் உட்கார்ந்து, "சுண்டு விரலைத் தூக்காத தாயி, பைய அடி" என்று திருத்துவார். சத்தமே வராத அந்தத் தட்டலைக் கேட்டு மனசுக்குள் பூரித்துக்கொள்வார்.

தொண்ணூற்று ஏழு செப்டம்பரில் சென்னையிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உயர்கல்வியில் தொழில்நுட்பத்துக்கும் தொலைத்தொடர்புக்கும் மாநிலம் முழுக்கத் திட்டம் போடுகிறார்களாம். பதினாறு பக்கக் கேள்வி. கம்ப்யூட்டர் எத்தனை, தொலைபேசி உண்டா, டிஷ் உண்டா, மோடம் உண்டா. விஷயம் கேள்விப்பட்டு பிருந்தா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அண்ணாச்சி, இதுல மட்டும் இல்லைன்னே எழுதிருங்க. இல்லாதவங்களுக்குக் கொடுக்கத்தான கேக்கான்."

"மேடம், நீங்க பாடம் நடத்துதீய, நான் ஆபீஸ் நடத்துதேன். சர்க்காரு இல்லாதவனுக்குக் கொடுத்து எங்கன பாத்தீய? போன வருசம்தான் இருபது இருக்குன்னு எழுதிக் குடுத்து அங்கீகாரம் வாங்கியிருக்கோம். இப்ப இல்லைன்னா, அந்த இருபதும் எங்க போச்சுன்னு கேப்பான். உண்டுன்னு எழுதுனா இன்னும் இருபது வரும்."

"இருபது வேண்டாம் அண்ணாச்சி. எம் பிள்ளையளுக்கு ஒண்ணு போதும்."

பிள்ளை பேனாவைத் திறந்தார். அவர் கண்ணுக்குள் சேற்றுக் கால் ஒன்று வாசலில் நின்றது. கம்ப்யூட்டர் இருபது, டிஷ் உண்டு, மோடம் உண்டு, தொலைபேசி உண்டு. கடைசி ஒன்று மட்டும் உண்மை. முதல்வர் அறையில் ஒரு போன் இருந்தது, டயலில் பூட்டுப் போட்டு, சாவி முதல்வர் பையில். முதல்வர் பூதலிங்கம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "உம்ம கை பட்ட படிவம் என்னைக்கு வே திரும்பி வந்திருக்கு?"

திரும்பி வரவில்லைதான். ஜனவரியில் பட்டியல் வந்தது. ஒன்றுமே இல்லாத கல்லூரிகளுக்கு முதல் தவணையிலேயே ஐந்து கம்ப்யூட்டர், ஒரு டிஷ், புதிய தொலைபேசி இணைப்பு. நாங்குநேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று, பதினாறு பக்கத்திலும் 'இல்லை, இல்லை' என்று எழுதி அனுப்பிய கல்லூரி, முதல் பெயராக நின்றது. பிள்ளையின் கல்லூரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு வரி: 'தன்னிறைவு பெற்றது. உதவி தேவையில்லை.'

அதோடு போச்சா? பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு வழக்கம்போல ஒரு வாரம் கேட்கப் போன பிருந்தாவிடம் அந்தப் பட்டியலைத்தான் எடுத்துக் காட்டினார்கள். "உங்கள்ட்டயே இருபது இருக்கே, எங்க பிள்ளையளுக்கே இங்க பத்தாது" என்றார்களாம். அவள் திரும்பி வந்து பிள்ளையின் மேஜைக்கு முன்னால் சும்மா நின்றாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

பிள்ளை அலைந்தார். ஜங்ஷன் பயிற்சி நிலையம் பூட்டிக் கிடந்தது, முதலாளி கோயம்புத்தூருக்கே போய்விட்டான். நாங்குநேரிக்குப் போனார். ஐந்து கம்ப்யூட்டரும் வந்து இறங்கியிருந்தன, ஆனால் அட்டைப்பெட்டியோடு. பெரிய ஆள் யாரோ வந்து ரிப்பன் வெட்டுகிற வரைக்கும் பிரிக்கக் கூடாதாம். அந்தப் பெட்டியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு பஸ் ஏறினார். டவுனில் இன்னொரு பயிற்சி நிலையத்துக்காரன் ஒரே ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றான். மகளிடம் சொன்னார்.

"என்னை மட்டுமாப்பா? மத்த முப்பத்தேழு பேரும் அட்டையிலதான தட்டுதாங்க. நான் போக மாட்டேன்" என்றாள். யாரால் அவர்களுக்கு அந்தக் கதி என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளையும் சொல்லவில்லை.

கடைசியில் உண்மையை ஒரு கடிதமாகத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினார். அதிகாரி சின்ன வயசுக்காரர், உட்காரச் சொல்லி, பொறுமையாகப் படித்தார்.

"ஐயா, இதை நான் வாங்கிட்டா யுனிவர்சிட்டிக்கு அனுப்பியே ஆகணும். கம்ப்யூட்டர் இருக்குன்னுதான் உங்களுக்கு அந்தப் பாடமே கொடுத்திருக்காங்க. இல்லைன்னா பாடம் கேன்சல். உங்க பசங்க முப்பத்தெட்டு பேரும் ஏப்ரல்ல பரீட்சை எழுத முடியாது. வாங்கிக்கட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

ஆப்பசைத்த குரங்கின் நிலைமைதான். எழுதினால் படிப்பு போகும், எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் வராது. பிள்ளை கை நீட்டிக் கடிதத்தைத் திருப்பி வாங்கினார். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஊர் வந்து முதல்வரிடம் சொன்னதற்கு, "விடும் வே, எனக்கு மே மாசம் ரிட்டயர்மென்டு" என்றார் பூதலிங்கம்.

ஏப்ரலில் செய்முறைப் பரீட்சை. எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்துப் பாளையங்கோட்டையில்தான் மையம். பிள்ளை லீவு போட்டுவிட்டு மகளோடு போய், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். மூன்று மணி நேரப் பரீட்சை. அரை மணியிலேயே அவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வர ஆரம்பித்தார்கள். பிருந்தா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

விஜயஸ்ரீ கடைசியாக வந்தாள். அழவில்லை.

"எழுத்தெல்லாம் எங்கன இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுத் தெரியும்ப்பா. கம்ப்யூட்டரை எப்படிப் போடணும்னுதான் தெரியல. எல்லாம் கருப்பா கிடந்துச்சு. சுவிட்ச் எதுன்னு கேட்டேன். உங்க காலேஜ்ல இருபது இருக்கே, சும்மா நடிக்காதன்னுட்டாங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "அட்டையில சுவிட்சு இல்லப்பா" என்றாள்.

பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்.

ஜூனில் மறுபடியும் சென்னையிலிருந்து ஓர் உறை வந்தது. இந்தத் தடவை ஒரே பக்கம். 'தங்கள் கல்லூரியில் உள்ள கம்ப்யூட்டர் வசதியால் இந்தக் கல்வியாண்டில் பயன்பெற்ற மாணவர் எத்தனை பேர்?' பக்கத்து அறையில் புது செட்டுப் பிள்ளைகளுக்கு பிருந்தா காலண்டர் அட்டை பங்கிட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை ரொம்ப நேரம் பேனாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். 'இல்லை' என்று எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கும் பாடம் போய்விடும்.

திறந்து, முப்பத்தெட்டு என்று எழுதினார். மகளையும் சேர்த்துத்தான்.