இருபத்திரண்டு கவர்கள்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு ஸ்டிக்கர் என்றுதான் பேர். அப்பா உயிரோடு இருந்தபோது ஆசையாக வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆர்டர் தட்டுகளில் அவள் படம் ஒட்ட ஆரம்பித்தாள். அவசரம் என்றால் சிவப்பு மீன், சின்னப் பிள்ளையின் கண்ணாடி என்றால் மஞ்சள் வாத்து, பவர் சரியில்லை என்று திரும்பி வந்தால் அழுகிற மேகம். முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"இது கடையா, பாலர் பள்ளியா?"

உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் மாஸ்டர்தான் காப்பாற்றினார். "விடுங்கய்யா. பதினெட்டு வருஷமா பொடி எழுத்துச் சீட்டைப் படிச்சுப் படிச்சு என் கண்ணே போச்சு. வாத்துன்னா தூரத்துலயே தெரியுது."

அன்றைக்கு ஒட்டிய பேர்தான்.

அவள் வீட்டு அலமாரியில் மூன்று தட்டு. கீழ்த்தட்டில் துணி. மேலே இரண்டிலும் காகிதச் சாமான். துணி முதுகு வைத்துத் தைத்த நோட்டுகள், குட்டிக் குடை படம் போட்ட விரல் அகல டேப்புகள், பூனை வடிவக் கிளிப்புகள், உட்பக்கம் பூப்போட்ட கவர்கள், மூடியைத் திருகினால் பெருமூச்சு விடுவது போலச் சத்தம் வரும் ஒரு பேனா. சம்பளம் வந்த வாரம் காகிதக் கடைக்குள் போனால் ஒரு மணி நேரம் வெளியே வர மாட்டாள். ஒவ்வொரு தாளையும் இரண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். வாங்கி வந்த நல்ல நோட்டுகளில் ஒரு வரி எழுத மாட்டாள்.

"உடுத்துற துணி மூட்டையில கிடக்கு, வெத்துப் பேப்பருக்கு மாளிகை. எழுதத்தானேடி வாங்கினே? எழுதேன்" என்பாள் அம்மா.

"எழுதுற அளவுக்கு இன்னும் ஒண்ணும் நடக்கலம்மா."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அம்மாவுக்குச் சிரிப்பு வராது.

முப்பத்தொரு வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் மேற்பார்வை வேலை. அதிகம் பேசாதவன். கோபம் வராது, குரல் உயராது. எதைக் கேட்டாலும் "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்பான். ஹால், சேலை நிறம், பூ, போட்டோக்காரர் எல்லாவற்றையும் அந்த அக்காதான் முடிவு செய்தாள். அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். அழைப்பிதழைத் தான் செய்து, கவரில் ஒவ்வொரு பேரையும் தன் கையால் எழுத வேண்டும்.

"பத்திரிகை உன் இஷ்டம்" என்றான் அவன். "எங்க வீட்டுல யாருக்கும் அதுல அக்கறை இல்ல."

முதல் பாதி மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

அன்றைக்கே நல்ல நோட்டுகளில் ஆக நல்லதைப் பிரித்தாள். மஞ்சள் பக்கத்தில் விருந்தினர் பட்டியல், பச்சைப் பக்கத்தில் சாப்பாடு, நீலத்தில் செய்ய வேண்டியவை. காகிதக் கடையில் பேரிக்காய்த் தோல் போலச் சொரசொரப்பான கவர் நூற்றைம்பது கிடைத்தது. உள்ளே நீலத்தில் பொடி இலைகள். "இதோட சரிம்மா, இந்த ரகம் இனிமே வராது" என்றார் கடைக்காரர். நூற்றைம்பதையும் வாங்கிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தொண்ணூறு, தன் பக்கம் அறுபது.

ஒரு கவரைக்கூட வீணாக்க முடியாது என்பதால் எழுதுவதற்கு அழிக்கிற பேனாவை எடுத்தாள். அதன் பின்பக்கம் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அதைக்கொண்டு தேய்த்தால் மை காற்றாய்ப் போய்விடும், தாளில் கீறல்கூட இருக்காது. வெளிநாட்டுச் சரக்கு. அந்தப் பேனா வந்த அட்டையில் மேகமும் சூரியனும் அவ்வளவு அழகாக இருந்ததால், வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது என்று அவள் படிக்கவில்லை.

இரண்டு வாரம் எழுதினாள். காலையில் கடை திறக்கும் முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேருந்து வராத நேரத்தில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு. பச்சையும் நீலமும் கலந்த மை. தன் பக்கத்தை முதலில் எழுதினாள். மாஸ்டர் குடும்பம், கடையில் கண் பரிசோதிக்கும் அக்கா, பள்ளித் தோழிகள் நாலு பேர், கீழ்வீட்டுத் தையல்காரம்மா, கணக்கு டீச்சர். எழுதி முடித்த கவரைக் காயவைத்துப் பார்க்கும்போது, இவ்வளவு பேர் தனக்கு இருக்கிறார்களா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அப்புறம் மாப்பிள்ளையின் அக்கா போன் செய்தாள்.

"ஹால்ல முந்நூறு பேருக்குத்தான் இடம்மா. எங்களுது ஆலமரம் மாதிரிக் குடும்பம், விட்டா பேச்சு வரும். உங்க வீட்டுல நீயும் அம்மாவும் ரெண்டே பேரு. உனக்கு எதுக்கு அறுபது கவரு?"

"எல்லாம் தெரிஞ்சவங்கதான் அண்ணி."

"தெரிஞ்சவங்கன்னா? கண்ணாடி விக்கிறவங்க, கீழ்வீடு, இவங்கள்லாம் வந்து என்ன ஆகப் போகுது? ஒரு இருபத்திரண்டு குறைச்சுக்க. நான் பேர் அனுப்பறேன்."

அவனுக்குப் போன் செய்தாள். "அக்கா சொல்றதும் சரிதானே" என்றான். "இதுக்குப் போய் ஏன் மனசைக் கஷ்டப்படுத்திக்கிறே?"

புதுக் கவர் கிடைக்காது. மறுநாள் மதியம் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து ரப்பர் குமிழால் தேய்த்தாள். டீச்சர் போனார். தையல்காரம்மா போனாள். தோழிகள் போனார்கள். அதே இடத்தில் அண்ணி அனுப்பிய பேர்களை எழுதினாள். யாரோ பெரியத்தை, யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பா. அவளுக்கு அவர்களின் முகம் தெரியாது. கடைசியாக எடுத்த கவர் மாஸ்டருடையது. அவர் எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன, அப்போலேருந்து தேய்ச்சுக்கிட்டே இருக்கே? என் வேலைக்கு உலை வைக்கிறியா?"

"தப்பா எழுதிட்டேன் மாஸ்டர்."

தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஹால் ரொம்பச் சின்னது மாஸ்டர். வீட்டு ஆளுங்களுக்கே இடம் பத்தல. அதனால கடையில..."

"அட, அதுக்கென்ன? எங்களுக்கு நாற்காலி எதுக்கு? நின்னுக்கிட்டே நாலு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவேன் நான்" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். "சரி, சரி. இடமில்லேன்னா என்ன பண்ணுவே?" என்று சோற்றைப் பிசைந்தார்.

எல்லாவற்றையும் தான் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று அண்ணி சொன்னதால், தன் பக்கத்துக் கவர்களையும் சேர்த்து நூற்றைம்பதையும் ரிப்பன் கட்டி அவளிடம் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை அண்ணி காரை எடுத்துக்கொண்டு தன் சொந்தங்களை அழைக்கக் கிளம்பினாள். போகிற வழியில் துணிக்கடையில் மூன்று மணி நேரம். கார் வெட்டவெளியில் உச்சி வெயிலில் நின்றது. கவர்க்கட்டு முன் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அப்புறம் நேராகப் பெரியப்பா வீடு. வீட்டுக்கே மூத்தவர் என்று மேலே இருந்த கவரை இரண்டு கையாலும் நீட்டினாள். பெரியப்பா கண்ணாடியை மாட்டினார். கவரைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"யாருக்கும்மா இது?"

கவர் மொட்டையாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. நூற்றைம்பதும் அப்படியே.

போனில் அண்ணி பேசியது பக்கத்து அறையில் இருந்த அம்மாவுக்கே கேட்டது. "பேர் தெரியாத பிச்சைக்காரனுக்கு நீட்டற மாதிரி நீட்டிட்டு வந்திருக்கேன்! பெரியப்பா கவரைத் திருப்பிக் குடுத்துட்டாரு. பேர் எழுத மனசில்லாதவங்க வீட்டுக்கு நாங்க எதுக்கு வரணும்னு கேக்கறாரு. என்ன மை அது? மாயாஜாலமா காட்டறே?"

அவள் ஓடிப்போய் அந்த நோட்டைப் பிரித்தாள். மேகத்துக்கும் சூரியனுக்கும் கீழே இருந்த பொடி எழுத்தை அப்போதுதான் படித்தாள். சூட்டில் மறையும், முகவரி எழுதப் பயன்படுத்த வேண்டாம். கடுங்குளிரில் வைத்தால் மறைந்த எழுத்து திரும்பலாம்.

கவர்களை வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, கவர்களை பிளாஸ்டிக் பையில் கட்டி அடுக்கினாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் முதல் பையைப் பிரித்தபோது எழுத்து வந்திருந்தது. கொஞ்சம் வெளிறிப்போய், ஆனால் ஒரு சுழி விடாமல்.

"அம்மா! வந்துடுச்சும்மா!"

பல நாளுக்கு அப்புறம் அவள் குரல் அப்படி ஒலித்தது. அண்ணிக்கும் அவனுக்கும் அந்தச் சந்தோஷத்திலேயே போன் செய்தாள். கடைசிப் பையைப் பிரிக்கும் முன்பே அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அண்ணி அந்தப் பையைத் தானே பிரித்தாள். மேலே இருந்த கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இது என்ன?"

பெரியத்தையின் பேர் இருந்தது. அதன் அடியில், அதே பச்சை மையில், மாஸ்டரின் பேரும் இருந்தது. மறைந்த எழுத்து திரும்பும் என்றால், வெயிலில் மறைந்தது மட்டும் திரும்பாது, அவள் தேய்த்து அழித்ததும் திரும்பும். அவளுக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த கவரில் சித்தப்பாவும் டீச்சரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கிடந்தார்கள். அப்படி இருபத்திரண்டு.

"ஓஹோ" என்றாள் அண்ணி. "உன் ஆளுங்களுக்கு எழுதி அழிச்ச கவர்லயா எங்க பெரியத்தையைக் கூப்பிடறே? எச்சில் தட்டுல சோறு போடற மாதிரி?"

"கவர் வேற கிடைக்கல அண்ணி. நீங்க குறைக்கச் சொன்னதாலதான்..."

"இப்ப என் மேல பழியா? கேட்டியாடா தம்பி?"

அவன் சுவரைப் பார்த்தான். "வேற ஏதாவது கவர் வாங்கியிருக்கலாம்" என்றான்.

அம்மா கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தாள். "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. மனசுல வச்சுக்காதீங்க."

"முப்பத்தொண்ணு சின்ன வயசா?" என்றாள் அண்ணி.

அண்ணி ஆபீஸில் வெள்ளைச் சீட்டில் பேர்களை அச்சடித்து எடுத்து வருவது, அதைக் கையெழுத்தின் மேலேயே ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. ஒட்டுவது அவள் வேலை. கிளம்பும்போது படியில் அவனைத் தனியாக நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த இருபத்திரண்டையும் கேக்கல. மாஸ்டரை மட்டுமாவது கூப்பிட்டுக்கறேன்."

"ஒருத்தரைக் கூப்பிட்டா மத்தவங்க கேப்பாங்க இல்ல? இப்பதான் அக்கா அடங்கியிருக்கா. கிளறணுமா?" என்றான். குரல் அப்போதும் மென்மையாகவே இருந்தது. "கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ குடுத்துடலாம்."

அவள் உள்ளே வந்தாள். ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, திரும்பாமலே, "விட்டுடுடி. எனக்கு அப்புறம் உனக்கு யாரு இருக்கா?" என்றாள். யார் இருக்கிறார்கள் என்று அவள் பட்டியலே போட்டிருந்தாள். சீட்டுகள் வந்ததும் உட்கார்ந்து ஒட்டினாள். ஒன்றுகூடக் கோணவில்லை.

கல்யாணத்தன்று மேடையில் நின்றபோது அவளுக்கு ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. பின்னால் நாலு வரிசை அப்படியே காலி. உறை போட்ட நாற்காலிகள், உறையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பெரியத்தை வரவில்லை. ஒன்றுவிட்ட சித்தப்பா வரவில்லை. வெயில் தாழ்ந்த பிறகும் வரவில்லை.

"அண்ணி, உங்க பெரியத்தை..." என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க எங்கே வரப்போறாங்க?" அண்ணி போட்டோவுக்குச் சிரித்தபடியே சொன்னாள். "எந்த விசேஷத்துக்கு வந்திருக்காங்க? கூப்பிடலேன்னு நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாது, அதுக்குத்தான். நேரா பாரு, போட்டோ எடுக்கறாங்க."

பத்து நாள் லீவு முடிந்து கடைக்குப் போனாள். முதலாளி கை கொடுத்தார். கண் பரிசோதிக்கும் அக்கா "புதுப்பொண்ணு வந்தாச்சு" என்றாள், அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. உள்ளறையில் மாஸ்டர் லென்ஸை விளக்கில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. போட்டோ பார்த்தேன். யாரோ போன்ல காட்டினாங்க. சேலை நல்லா இருந்துச்சு."

"ம்."

"ஹாலும் நல்ல பெரிய ஹால்" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் கையில் தட்டோடு நின்றாள். கடைசி நேரத்தில் சிலர் வரவில்லை என்று சொல்லலாம். போட்டோவில் அப்படித் தெரிகிறது என்று சொல்லலாம். அவருக்கும் அதைக் கேட்டுக்கொள்வதில் கஷ்டம் இருக்காது, தலையை ஆட்டிவிடுவார்.

"இடம் இருந்துச்சு மாஸ்டர்" என்றாள். "உங்க பேரை முதல்ல எழுதினேன். அப்புறம் நான்தான் அழிச்சேன். உங்க எதிரேயே உக்காந்து அழிச்சேன்."

மாஸ்டர் லென்ஸைக் கீழே வைத்தார். துணியால் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. பிறகு கையை நீட்டி அவளிடமிருந்து தட்டை வாங்கி, சீட்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"வலது மைனஸ் ரெண்டே காலா, ரெண்டே முக்காலா?"

"ரெண்டே காலு."

மெஷினைப் போட்டார். அது ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த அறையில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.