இரண்டு மடங்கு என்று நான் வரைந்த புத்தகம்

இதை வாசிக்கப்போகும் நீங்கள் ஐந்து பேரும் எங்கள் பள்ளி நூலகக் குழுவில் இருப்பவர்கள். தயவுசெய்து இதை வேறு யாருக்கும் காட்டாதீர்கள். வீட்டில் வேண்டாம், வகுப்பு ரீச்சரிடம் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் தோழியிடமும் வேண்டாம். வதனி அக்கா இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலருக்கு நான் எழுதிக் கொடுத்தது வேறு. அக்கா அன்பானவர், கடமை தவறாதவர் என்று அதில் எழுதினேன். அது உண்மைதான். அதில் எழுதாமல் விட்டதை இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். எல்லோரும் படுத்துவிட்டார்கள். அம்மாவின் போன் என் மடியில் இருக்கிறது. பரீட்சை முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

அந்தத் திங்கட்கிழமை இடைவேளையில் நாங்கள் நூலக வாசலில் நின்றது நினைவிருக்கும். அக்காவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று தெரியும். கதவுத் திறப்போடு வந்தவர் காவலாளி ஐயா. நூலகத் திறப்பை அக்கா ஒருவரிடமும் கொடுத்ததில்லை. அது ஐயாவின் கையில் இருந்ததைக் கண்டதுமே எனக்கு ஏதோ செய்தது. ஐயா கதவைத் திறக்கவில்லை. "வகுப்புக்குப் போங்கோ பிள்ளையள். அந்தப் பிள்ளை விடியப்புறம் ஆசுப்பத்திரியில மோசம் போயிட்டுது" என்றார். பிறகு எங்களைப் பார்க்க ஏலாமல் துறைமுகப் பக்கம் திரும்பி நின்றார்.

வதனி அக்கா எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அல்ல. நூலக உதவியாளர். முப்பது வயதும் ஆகவில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். தகவலைப் படமாக்கும் அந்த இணையத்தளத்தை அவர் முதன்முதலாகக் காட்டிய நாளில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அடுத்த அறையிலிருந்து ஆள் வந்தது. அதில் வீட்டுப் படம் தேடினால் கூரையில் புகைபோக்கி. மரம் தேடினால் பனி மூடிய மரம். அக்கா முன்வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம், "உங்கட வீட்டில புகைபோக்கி இருக்கோ?" என்று கேட்டார்.

"குசினி நிறையப் புகை இருக்கு அக்கா. போறதுக்குத்தான் வழியில்லை."

அக்காவே மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் படங்களை நாங்களே வரைந்தோம். வள்ளம், கரைவலை, வாளி, முச்சக்கரவண்டி. தாளில் வரைந்து, போனில் படம் பிடித்து, தளத்தில் ஏற்றுவோம். கணினி ஒன்றுதான். இணையம் கிடைக்காத நாளில் அக்கா தன் போனை யன்னல் விளிம்பில் வைத்து அதிலிருந்து இணைப்புத் தருவார். ஆனால் பென்சிலால் தாளில் போட்டுக் காட்டாதவரைக்கும் ஒருவரையும் கணினிக் கதிரையில் இருக்க விடமாட்டார். "கொம்பியூட்டர் வடிவாக்கித் தரும். யோசிக்கிறது நாங்கள்தான்" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். சுவரில் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளுக்கும் சொல்வார். "எண்ணைக் கையால மறைச்சுப்போட்டுப் படத்தைப் பார். பிறகு படத்தை மறைச்சுப்போட்டு எண்ணைப் பார். ரெண்டும் ஒரே கதை சொன்னால் ஒட்டலாம்."

அக்கா ஒரு மாதம் லீவில் நின்றபோது, பள்ளி நூலகங்களுக்கான போட்டிக்கு ஒரு படம் உடனே வேண்டும் என்று அதிபர் கேட்டார். போன வருடத்தைவிட இந்த வருடம் இரண்டு மடங்கு புத்தகங்கள் வாசிக்கக் கொண்டுபோகப்பட்டன என்பதுதான் செய்தி. அதைச் செய்தவர் யார் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான்தான் செய்தேன். நூலகக் கணக்கின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. போன வருடத்துக்கு ஒரு புத்தகப் படம் வைத்தேன். இந்த வருடத்துக்கு அதே படத்தின் மூலையைப் பிடித்து, உயரம் இரண்டு மடங்கு ஆகும்வரை இழுத்தேன். மிகவும் வடிவாக வந்தது. நூலகக் கணக்கிலிருந்தே அனுப்பியதால், அக்காதான் வீட்டிலிருந்து செய்தார் என்று அதிபர் நினைத்துக்கொண்டார். அதிபர் பார்த்துவிட்டு, "இதைத்தான் எதிர்பார்த்தனான்" என்றார். பரிசாகக் கலர் பிரிண்டர் வந்தது. படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதிபர் அறை வாசலுக்குப் போனது.

லீவு முடிந்து வந்த அக்கா அந்தப் படத்தின் முன் நின்றது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்களைக் கூப்பிட்டு, அதன் பிரதியில் இருந்த சின்னப் புத்தகத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். அந்த அளவில் இன்னும் மூன்று வெட்டினார். நாலையும் பெரிய புத்தகத்தின் மேல் வைத்தார். இடைவெளி இல்லாமல் பொருந்தின. உயரத்தை இழுக்கும்போது அகலமும் கூடவே போய்விட்டது. எண் இரண்டு மடங்கு என்கிறது, படம் நாலு மடங்கு என்கிறது.

"ஆர் செய்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

அக்கா அந்த நாலு துண்டையும் எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனார். நான் வெளியே நின்று கேட்டேன். தன் கவனக்குறைவு, திருத்தித் தருகிறேன் என்றார். பரிசும் வந்துவிட்டது, இனி அதைக் கிளறவேண்டாம் என்றார் அதிபர். அக்கா நூலகத்தில் இருந்த பிரதியைக் கழற்றினார். கண்ணாடிக்குள் இருந்ததை அவரால் கழற்ற ஏலாது. அடுத்த நாள் என்னிடம் எப்போதும்போலக் கதைத்தார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்னும் தெரியாது. சொல்ல நினைத்து இரண்டு முறை அவர் மேசைவரை போனேன். இரண்டு முறையும் புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் முறைக்கு அக்கா இல்லை.

இன்று பின்னேரம் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நினைவு மலரின் பின்னட்டையில் அந்தப் படத்தையே போடப்போகிறார்களாம். கீழே "அமரர் வதனியின் கைவண்ணம்" என்று வரும். காலை எட்டு மணிக்குள் நான் அதை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். "நல்ல வடிவான படம். வதனி எண்டால் எல்லாருக்கும் இதுதான் ஞாபகம் வரவேணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பொய் அக்காவின் பெயரோடு வீடு வீடாகப் போகும். அக்காவின் அம்மா அதைச் சுவரில் மாட்டுவா. இப்படிப் படங்களை வாசிக்கத் தெரிந்த ஒருவர், அந்தப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லை என்று சொல்லுவார்.

இரவு தளத்தைத் திறந்தேன். போன வருடத்துக்கு ஒரு புத்தகம், இந்த வருடத்துக்கு அதே அளவில் இரண்டு புத்தகங்கள். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. இதை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியவராது என்று முதலில் நினைத்தேன். ஆனால் கண்ணாடிக்குள் பழையது அப்படியே இருக்கும். அக்காதான் அன்று பிழை விட்டார் என்ற கதையும் அப்படியே இருக்கும்.

அதனால் அதிபருக்கு எழுதினேன். "சேர், போட்டிப் படத்தைச் செய்தது வதனி அக்கா இல்லை. நான். அது பிழையான படம். என் பிழையைத்தான் அக்கா தன்மேல் போட்டுக்கொண்டார். திருத்தியதை இத்துடன் அனுப்புகிறேன். என் பெயரைக் கீழே போட்டிருக்கிறேன்." நூலகக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். பிரிண்டரைத் திருப்பிக் கேட்டால் நீங்களும் என்னோடு கதைக்கமாட்டீர்கள். இன்னொருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன் பதில் வந்தது. "இரண்டு படத்தையும் அச்சகத்துக்கு அனுப்பு. பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். நாலு புத்தகம் வெட்டி வைத்ததைக் கீழே நீயே எழுது. காலையில் என்னை வந்து பார்."

அந்தக் கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டையும் அனுப்பிவிட்டேன். கீழே எழுதவேண்டியதையும் எழுதிவிட்டேன்.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்றுதான். பிழையான தாளை அவர் ஒருநாளும் கிழித்துப் போட்டதில்லை. திருத்தியதைப் பக்கத்தில் ஒட்டி, எங்கே பிழைத்தது என்று செய்தவரையே எழுதச் சொல்வார். எழுதி முடித்தவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். நாளைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த மாதம் என்ன மீன் வலையில் படுகிறது என்று படம் போட வருகிறார்கள். என்னை உள்ளே விட்டால் அவர்களுக்கு முதலில் காட்டப்போவது இந்த இரண்டு படங்களையும்தான்.

கதவைத் தட்டுகிறார்கள், போனைத் தேடித்தான். அம்மா