இரட்டை அடுப்புப் பானை

போன வாரம் எங்கள் வீட்டில் பொங்கல் பொங்கவில்லை.

மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வாங்கி, ஆட்டோவுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வந்த கரும்பு. நிலைப்படியில் மாவிலை. மொசைக் தரையில் மாக்கோலம். சூரியன் மட்டும் எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் ஃபிளாட்டின் சமையலறைக்குச் சாயங்காலம்தான் வருவார். ஃபிளாட் வாங்கியவர்களிடம் சூரியனே கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்கிறார்.

பொங்காததற்குக் காரணம், பானை.

நாங்கள் மூன்றே பேர். நான், என் மனைவி சுலோ, காலேஜில் படிக்கும் மகள் வித்யா. மூன்று பேர் வீட்டுக்கு எவ்வளவு பெரிய பானை வேண்டும்? தி.நகர் பாத்திரக் கடையில் சுலோ கை காட்டிய வெண்கலப் பானையைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரே கேட்டார்:

"கல்யாணத்துக்காம்மா?"

"இல்லைங்க. வீட்டுக்குத்தான்."

"கூட்டுக் குடும்பமா?"

சுலோ பர்ஸைத் திறந்து பணத்தை எண்ண ஆரம்பித்தாள். அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தியது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சுலோவுக்கு ஒரே அக்கா. கமலா. மேற்கு மாம்பலத்தில் வீடு. அம்மா இல்லாத வீட்டில் சுலோவுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, எனக்குக் கல்யாணமும் செய்து கொடுத்தது இந்த அக்காதான். கல்யாணமானதிலிருந்து ஒரு பொங்கல்கூட நாங்கள் எங்கள் வீட்டில் வைத்ததில்லை. விடிந்ததும் மாம்பலம். அக்கா வீட்டு முற்றத்தில் மூன்று செங்கல். ஒரு வெண்கலப் பானை. அவ்வளவுதான் பொங்கல்.

இந்தத் தீபாவளிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சுலோ மைசூர்பாகு கிளறிக்கொண்டிருந்தாள். அக்கா பின்னாலிருந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல், ஒரு கரண்டி நெய்யை உள்ளே விட்டார். மைசூர்பாகு, அல்வாவாக மனம் மாறிவிட்டது. சுலோ அழுகிற குரலில் ஒரு வார்த்தை சொன்னாள்:

"இது என் வீடுக்கா."

வெறும் தகவல்தான். ரேஷன் கார்டில்கூட இருக்கிறது. ஆனால் அக்கா ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. போன் இல்லை. நானும் அக்காவின் கணவரான என் சகலையும், வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிறவர்கள் மாதிரி மாம்பலம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஒளிந்து ஒளிந்து சந்தித்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா சகலை, உங்க சைடு எப்டி கீது?" என்பார் அவர். சந்தோஷம் வந்தாலும் சங்கடம் வந்தாலும் அவருக்கு மெட்ராஸ் பாஷை வந்துவிடும்.

"அக்கா முதல்ல பேசட்டும்னு இருக்கா."

"நம்ம சைடுல, தங்கச்சி முதல்ல பேசட்டும்னு கீது."

இன்னொரு டீ சொல்லுவோம். வேறு என்ன செய்வது?

அப்படியிருக்கும்போதுதான் பொங்கல் வந்தது. "நம்ம வீட்லயும் பொங்கல் வைக்கலாம். அங்க போய்த்தான் ஆகணுமா?" என்றாள் சுலோ. அக்காவின் பானையைவிடப் பெரிதாக ஒரு பானை வாங்கினாள். கோபத்தில் வாங்குகிற எந்தப் பொருளும் வீட்டுக்கு வந்தபிறகு வளர்கிறது என்பது என் அனுபவம். கடையில் பானையாக இருந்தது, எங்கள் சமையலறைக்கு வந்ததும் அண்டாவாக இருந்தது. ஒரு பர்னரில் உட்காரவில்லை. இரண்டு பர்னருக்கும் நடுவில், இரண்டு தொகுதிக்கும் ஒரே வேட்பாளர் மாதிரி உட்கார்ந்தது. மஞ்சள் கொத்து அதன் கழுத்தைச் சுற்றி எட்டவில்லை. வித்யா என் பைஜாமா நாடாவை உருவிக்கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள்.

நல்ல நேரம் பார்த்து இரண்டு பாக்கெட் பாலை ஊற்றினோம்.

ஊற்றினோமா? உள்ளே எட்டிப் பார்த்தால், எங்கோ ஆழத்தில், கோடைக்காலக் குளம் மாதிரி கொஞ்சம் வெள்ளை. அது சூடானது. சிணுங்கியது. ஓரத்தில் முத்து முத்தாய் நுரை கட்டி, மெல்ல எழுந்து, இரண்டு விரற்கடை உயரத்தில் வெளியுலகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று மறுபடி படுத்துக்கொண்டது.

"பொங்கலோ பொங்கல் சொல்லலாமாப்பா?" என்றாள் வித்யா, தாம்பாளமும் கரண்டியுமாக நின்றபடி.

"இரு."

"நானும் இருக்கேன். பாலும் இருக்கு. எனக்குத்தான் பசிக்குது."

பால் பூத்துக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், "பால் எல்லாம் காலி ஆயிடுச்சு சார். இன்னிக்குப் போய் இந்நேரத்துக்கு வர்றியே!" என்று எனக்காக வருத்தப்பட்டார். திரும்பி வந்து, எங்கள் அபார்ட்மென்ட்டில் படிப்படியாக ஏறி, கதவு கதவாகத் தட்டினேன். பண்டிகை நாளில் சொம்போடு நிற்கும் நடுத்தர வயதுக்காரனைப் பார்த்தால் ஜனங்களுக்கு இரக்கம் வருகிறது. அரை டம்ளர், ஒரு டம்ளர்... கிடைத்தது. கீழ் வீட்டு ஷமீம் மட்டும் ஒரு பெரிய பாத்திரம் நிறைய, தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"எடுத்துக்கங்க சுலோக்கா. ஆனா இது ஏற்கெனவே காய்ச்சின பால். பரவாயில்லையா?"

பெரிய கேள்வி. ஒருமுறை பொங்கிய பால் இன்னொருமுறை பொங்கினால் செல்லுமா? எந்தப் பஞ்சாங்கத்திலும் இதற்கு விடை இல்லை. சுலோ ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஊற்றினாள்.

குளம், ஏரியானது. கரை மட்டும் கிட்டத்தில் வரவில்லை.

நல்ல நேரம் தீரப் போகிறதே என்று அரிசியும் பருப்பும் போட்டோம். பானையைப் பார்த்துப் பார்த்து, கை நிற்காமல் போட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, இத்தனை அரிசிக்கு வீட்டில் இருக்கிற வெல்லம் மூக்குப்பொடி அளவு. தெருக்கடையும் மூடியாயிற்று. யாரிடம் இருக்கும் அவ்வளவு வெல்லம்?

மூன்று பேருக்கும் விடை தெரியும். மூன்று பேரும் போனைப் பார்த்தோம்.

கடைசியில் சுலோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க பண்ணுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

சகலைதான் எடுத்தார். "இன்னா சகலை, பொங்கல் வாழ்த்தா?"

"வெல்லம் இருக்கா?"

பின்னால் அக்காவின் குரல். "யாருங்க?"

"சகலை. வெல்லம் கேக்கறாரு."

"அவருக்கு எதுக்கு வெல்லம்?"

"எதுக்குன்னு கேக்கறா சகலை."

நான் சுலோவைப் பார்த்தேன். "சும்மாதான்னு சொல்லுங்க" என்றாள்.

"சும்மாதான்" என்றேன்.

சும்மா யாராவது வெல்லம் கேட்பார்களா? அதுவும் பொங்கலன்று, பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில்? அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் பொத்தும் சத்தம். ஏதோ பேச்சு. பிறகு சகலை, தந்தி படிப்பவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"பால் பொங்கிச்சான்னு கேக்கச் சொல்றா."

பொங்கலன்று காலையில் இந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. இதற்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான். பால் திரிந்து போயிருந்தாலும், அடுப்பே பற்றவைக்காவிட்டாலும், 'பொங்கிடுச்சு.' அப்படிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. கௌரவம் மிஞ்சும். அடுத்த பொங்கலுக்கும் இரண்டு வீடு, இரண்டு பானை.

"என்ன சொல்லட்டும்?" என்றேன்.

சுலோ ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா..." என்றாள். "பொங்கலைக்கா."

அப்புறம் வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "எதுக்குடி அழறே? அடுப்பைச் சின்னதா வை. வரேன்."

மாம்பலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் ஆட்டோ வரும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். முதலில் சகலை, தோளில் வெல்லப் பையோடு. பின்னால் அக்கா, கையில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியோடு. நேராக வந்தவர், சமையலறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. 

"உள்ள வாக்கா" என்றாள் சுலோ.

"வரலாமா?"

"வந்து பாருக்கா... என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு."

அக்கா வந்து பார்த்தார். பானையைப் பார்த்தார். இரண்டு பர்னரையும் பார்த்தார். என் பைஜாமா நாடாவையும் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு! புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, நிற்க முடியாமல், கிரைண்டர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏண்டி... ஊருக்கே சோறு போடப் போறியா?" சுலோவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. மழையும் வெயிலும் சேர்ந்தடிக்கிற தெரு மாதிரி இருந்தது, அந்த ஆறடி சமையலறை.

அந்தச் சந்தடியில் சுஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். இரண்டு பர்னரும் அணைந்தன. பானையின் நான்கு பக்கமும் வெள்ளையாய் வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று வித்யா தாம்பாளத்தை உடைக்கிற மாதிரி தட்டினாள். அக்காவும் தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். அன்பு சேர்ந்தால் பால் தானாகப் பொங்கும் என்று எழுதத்தான் எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் என் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டாமா? பெண்கள் இரண்டு பேரும் தரையில் இருந்தபோது, சகலை ஓசைப்படாமல் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைய மெட்ரோ வாட்டரைப் பானையில் கவிழ்த்து, அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சகலை, இது நியாயமா?" என்றேன் காதோரம்.

"பால்காரன் டெய்லி செய்யறான். நாம வருஷத்துக்கு ஒருவாட்டி செய்யக்கூடாதா?"

அந்தப் பொங்கலைக் கரண்டியில் எடுத்தால் ஒழுகியது. டம்ளரில் ஊற்றி ஃபிளாட் ஃபிளாட்டாகக் கொடுத்தோம். "பாயசம் ரொம்ப நல்லா இருக்கு" என்றார் ஷமீம். யாரும் மறுக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அக்காவும் தங்கையும் ஹாலில் தலையணை போட்டு, டி.வி. பார்த்தபடி, தீபாவளியிலிருந்து சேர்ந்துபோன பேச்சையெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். அடிப்பிடித்த பானை எங்கள் தலையில் விழுந்தது. மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய், ஆளுக்கொரு தேங்காய் நாரோடு உட்கார்ந்தோம். சகலை தோள்வரை உள்ளே போய்த் தேய்த்துக்கொண்டிருந்தார். பானைக்குள்ளிருந்து, ஏதோ அசரீரி மாதிரி அவர் குரல் வந்தது:

"சகலை... அடுத்த சண்டைக்கு ஒரு தோசைக்கல் வாங்கிக்கச் சொல்லுங்க!"